மாப்பிள்ளைக்கு ஒரு தட்டு

"போன மாசம் நான் இங்க வந்தது எம் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியவே கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான், குடும்பமே போயிடும்" என்று அவர் கடைக்காரரின் காதில் கிசுகிசுத்தார்.

மனைவி மீன் தொட்டிகளைத் தாண்டி, தட்டுகள் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் அதை விழுங்கிக்கொண்டார்.

"நான் ஏன் சார் சொல்லப்போறேன்? நீங்க போங்க."

நீங்கள் நினைக்கிற மாதிரி தப்புத்தண்டா எதுவும் இல்லை. விஷயம் ஒரு பல்லி. சுவரில் ஓடுகிற பல்லி இல்லை, மஞ்சள் உடம்பும் கரும்புள்ளியும் தடித்த வாலுமாகக் கண்ணாடித் தொட்டிக்குள் வளர்க்கிறார்களே, அது.

அவர்களுடைய ஒரே மகள் ஆசை ஆசையாக வளர்த்தது. அந்தப் பெண் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளுடையது என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு உயிர்தான்.

அதுவும் போன மாதம், மனைவி அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், அவர் கண்ணெதிரிலேயே செத்துப்போனது. பாவம், மனிதர் பதறியடித்துக்கொண்டு ஓடிவந்து, அதே நிறத்தில் அதே அளவில் இன்னொன்றை இந்தக் கடையில் வாங்கித் தொட்டியில் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏங்க, அங்க என்ன பேச்சு? இங்க வாங்க."

மனைவி பையிலிருந்து ஒரு பழைய பச்சை பிளாஸ்டிக் தட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது.

"இந்தத் தண்ணித் தட்டைக் கொஞ்ச நாளா கவுத்துக் கவுத்துப் போட்டுடுதுண்ணே. கனமா ஒண்ணு வேணும்."

"அதுக்கும் வயசாகுதுல்ல" என்றார் கணவர் அவசரமாக.

"ஆமாமா, வயசுதான். வேறென்ன?" என்றாள் மனைவி, அதைவிட அவசரமாக.

இருவரும் கடைக்காரரின் முகத்தையே பார்த்தார்கள். "வயசேதான்" என்றார் அவர்.

கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வழுக்கும். உள்ள இறங்கினா ஏறி வர முடியாம தவிக்கும்" என்று தள்ளி வைத்தாள். இன்னொன்று ஆழம் அதிகம். கூடவே கேட்ட தீனித் தட்டு மட்டும் சட்டென்று அமைந்தது. விளிம்பு உள்பக்கமாக வளைந்திருந்ததால் புழு ஏறித் தப்பிக்காது என்று கடைக்காரர் சொன்னார்.

"மாப்பிள்ளைக்குன்னா சும்மாவா? நல்லதாக் குடுங்க" என்று கணவர் சிரிக்கப் பார்த்தார்.

கடையில் வேலை செய்த பெண், "மாப்பிள்ளையா?" என்று திரும்பினாள்.

"எம் பொண்ணு வெச்ச பேரும்மா. கல்யாணப் பேச்சை எடுத்தாலே, 'இதோ இருக்காரே உங்க மாப்பிள்ளை'ன்னு இதைத் தூக்கிக் காட்டுவா. முறுக்கும் அதுக்கேத்த மாதிரிதான். தட்டுல தண்ணி வெச்சா திரும்பிக்கூடப் பாக்க மாட்டார். கண்ணாடியில அவ தெளிச்சு விட்டாத்தான் நக்கி நக்கிக் குடிப்பார்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"அவ போனதும் ஆளே மாறிட்டார். பேசாம தட்டுலயே குடிக்க ஆரம்பிச்சுட்டார். இனிமே தாங்கறதுக்கு ஆள் இல்லைன்னு அந்த வாயில்லா ஜீவனுக்கே தெரிஞ்சு போச்சு, பாருங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளேயிருந்து வந்த அழுகையை அவள் அடக்கியது எல்லோருக்கும் தெரிந்தது. கடைக்காரர் வேறு பக்கம் திரும்பி, கீழ்த்தட்டிலிருந்து ஒரு கல் தட்டை எடுத்தார்.

"இதைப் பாருங்கம்மா. நல்ல கனம், ஆழமும் கம்மி. அந்த உடைஞ்சதை இப்படிக் குடுங்க, குப்பையில போட்டுடறேன்."

"அதைத் தொடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் கூண்டுக் கிளிகள் கூட அடங்கின. "அது எம் பொண்ணு வாங்கினது."

கடைக்காரர் பச்சைத் தட்டை மெதுவாக வாங்கி, கல் தட்டின் குழிக்குள் வைத்து அழுத்தினார். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்துகொண்டது.

"இனிமே எவன் வந்தாலும் கவுக்க முடியாது. அவங்க வாங்கினதுலயே குடிக்கட்டும்."

கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வண்டியை எடுத்துட்டு வரேன்" என்று கிளம்பியவர், வாசலில் நின்று, மனைவிக்குத் தெரியாமல் கடைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். கடைக்காரர் தலையசைத்தார்.

அவர் தெருவில் இறங்கும்வரை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேஜையருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"வயசுன்னு சொன்னீங்களே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவருக்குச் சந்தேகம் தட்டிடுமோன்னு எனக்கு உசுரே இல்லை."

"என்னம்மா சந்தேகம்?" என்றார் கடைக்காரர், தெரியாதவர் போல.

"அவ போன கையோட மாப்பிள்ளையும் செத்துப்போய், நான் ஓடிவந்து உங்ககிட்ட வேற வாங்கிட்டுப் போனேனே... அதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணே, மனுஷன் தாங்க மாட்டார்."