இருவருக்குமான பாதை

பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்ததும், இரண்டு பேரும் நடந்துகொண்டே பேசட்டும் என்று கோமதியையும் முகுந்தனையும் கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டி வந்தார்கள்.

பூங்கா வாசலில் இருக்கும் பலகை, எதிரே நிற்பவருக்கு எந்தப் பாதை எவ்வளவு கடினம் என்று காட்டும். கோமதி போய் நின்றதும், கடலோரமாகப் போகும் ஒரு கிலோமீட்டர் மணல் பாதைக்கு ‘எளிது’ என்று வந்தது. முகுந்தனுக்கும் அப்படியே. இருவரும் சேர்ந்து நின்றபோது, அதே பாதைக்கு ‘மிகக் கடினம்’ என்று சிவப்பில் வந்தது.

“ஒரு மேடு பள்ளம் கிடையாது. இதுல என்னட்டி கஷ்டம்?” என்றாள் கோமதியின் அம்மா.

“நம்ம தொப்பையையும் சேத்து அளந்துட்டு போல. எல்லாரும் தள்ளி நில்லுங்க” என்றார் முகுந்தனின் அப்பா.

தள்ளி நின்றார்கள். மறுபடியும் சிவப்புதான்.

கோமதிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காரில் வரும்போது முகுந்தன் சிரிக்கச் சிரிக்கப் பேசினான். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது.

“கஷ்டம்னுதான போட்டிருக்கு? போகக் கூடாதுன்னு போடலையே. வாங்க” என்று மணலில் இறங்கினாள்.

பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் பலகை முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

“கோமதி, இன்னும் ஒரே ஒரு தடவை வந்து நில்லுங்களேன்.”

இவன் இப்படித்தான் என்று பலகைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததா, பலகை சொன்னதால்தான் இப்படி ஆகிவிட்டானா? அவளுக்குப் புரியவில்லை.

“கூப்பிடுதாங்கல்லா, வாட்டி” என்றாள் அம்மா.

கோமதி போகவில்லை.