சாப்பாட்டு நேரத்து மணி

“அக்கா, முடிஞ்சிருச்சு! முதலாளி இறங்கி வந்து சமரசத்துக்குக் கையெழுத்துப் போட்டான்ல, அதை ஜட்ஜம்மா ஒத்துக்கிட்டாங்களாம்! பிடிச்ச சம்பளத்தை எல்லாருக்கும் கொடுத்தே ஆகணும்!”

போனை வைத்த கையோடு இப்படிக் கத்திவிட்டு, நெனிட்டா சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கூட வேலை பார்க்கும் மிலாக்ரோஸ் கரண்டியும் கையுமாக ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “அப்பாடா! ரெண்டு வருஷமா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுக் கெடந்தேன்டி.”

நெனிட்டாவுக்கு அந்த நெருப்பு இன்னும் அதிகம். வழக்கில் முதல் கையெழுத்து அவளுடையது. தோற்றிருந்தால், வாலேஹோ ஊரில் அவர்கள் வேலை பார்க்கும் இந்த முதியோர் இல்லத்தில் முதலில் சீட்டுக் கிழிவதும் அவளுக்குத்தான்.

முதலாளிக்கு இப்படி ஐந்தாறு இல்லங்கள். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். சாப்பாட்டு இடைவேளை என்று தினமும் அரை மணி நேரச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வான். அந்த அரை மணியில் உட்கார்ந்து சாப்பிட்ட பணிப்பெண் ஒருத்தியும் கிடையாது.

“எல்லாரும் ஆற அமரத்தான் சாப்பிட்டாங்கன்னு கூசாமச் சொன்னானே, எப்படிடி மாட்டினான்?”

“அழைப்பு மணியாலதான்க்கா. நாம சுணங்குறோமான்னு வேவு பாக்க அவனே மாட்டின மெஷின். எந்த அறையில எப்போ மணி அடிச்சது, நாம எப்போ போனோம், எல்லாம் அதுல பதிவாகியிருக்கு. நாலாம் நம்பர்ல தினம் தினம் சாப்பாட்டு நேரத்துல மணி அடிச்சிருக்குன்னு வக்கீல் எடுத்துக் காட்டினாராம். அதுக்கப்புறம்தான் முதலாளி சமரசத்துக்கே வந்தானாம்.”

மிலாக்ரோஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். “நாலாம் நம்பரா? நம்ம ஹாலோரன் தாத்தாவா? அந்தத் தொல்லைக்கும் ஒரு புண்ணியம் இருந்திருக்கு பாரேன்!”

தொல்லையா அது! மற்ற நேரத்தில் தாகம் எடுத்தாலும் மணியைத் தொடமாட்டார் அந்த மனுஷர். நெனிட்டா சோற்று டப்பாவைத் திறக்க வேண்டியதுதான் தாமதம், மணி அலறும். அடித்துப் பிடித்து ஓடினால், “தலையணையைத் திருப்பிப் போடு” என்பார். மறுநாள், “அந்தத் திரையைக் கொஞ்சம் இழுத்து விடு.” என் சோற்றில் மண்ணைப் போடவென்றே வந்து சேர்ந்தாரே என்று எத்தனை நாள் கரித்துக்கொட்டியிருப்பாள்!

மத்தியானம் நெனிட்டா அடோபோக் குழம்புச் சோற்று டப்பாவைத் திறந்தாள். கோழித்துண்டோடு ஒரு வாய்ச் சோற்றை அவசரமாக விழுங்கிவிட்டு, பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள்.

மணி அடிக்கவில்லை.

இன்னொரு வாய் சாப்பிட்டாள். அப்போதும் இல்லை.

“அக்கா, தாத்தா இன்னும் அடிக்கலையே!”

“அடிக்காட்டி நிம்மதியாத் தின்னேன்டி.”

அவளுக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு நாலாம் அறைக்கு ஓடினாள். ஹாலோரன் கண்மூடிக் கிடந்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது. “ஐயா! ஐயா!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் கண்ணைத் திறந்து முறைத்தார். “எதுக்கு வந்தே? நான் மணி அடிச்சேனா?”

“அடிக்கலையே! அதான் உடம்புக்கு என்னமோன்னு பயந்துட்டேன்.”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க போட்ட கூத்து இங்க வரைக்கும் கேட்டுச்சு. கேஸ்தான் முடிஞ்சாச்சே, இனிமே மெஷின்ல எதுக்குப் பதியணும்? போ, உக்காந்து சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார், முப்பது வருஷம் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருந்த ஹாலோரன்.