கழலாத டிரம்

திரை முழுக்கத் துருப்பிடித்த பிரேக் டிரம்தான் தெரிந்தது. நடுநடுவே மனைவியின் கை வந்து போனது.

போனை ஒரு பெயின்ட் டப்பாவில் சாய்த்து வைத்திருந்தாள். முகம் தெரியவில்லை. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வேலை செய்கிறவளிடம் முகத்தைக் காட்டு என்று எப்படிக் கேட்பது.

வேனின் பின்சக்கரத்தில் சில நாளாக எலிக்குஞ்சு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். முட்டை ஏற்றிப் போகிற வண்டி. பிரேக் சரியில்லாமல் தெருவில் இறக்க முடியாது. முனையிலேயே ஒர்க்‌ஷாப் இருக்கிறது, அங்கே விட்டுவிடு என்று அவன்தான் சொன்னான். எதற்கு, நீங்கள் சொல்லச் சொல்ல நானே கழற்றுகிறேன் என்றுவிட்டாள்.

கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டான். அவன் ஊரில் இருந்தவரை அந்த வண்டியின் கதவைக்கூட ஒழுங்காகச் சாத்தத் தெரியாதவள். அவன் கடல் தாண்டி வந்த பிறகுதான் ஓட்டப் பழகினாள்.

வழக்கமாக அவர்கள் பேச்சு இவ்வளவு நீளாது. சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. பிள்ளைக்கு இருமல் விட்டதா, விட்டது. அதற்குள் போன் மகள் கைக்குப் போய்விடும். அவள் அதைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிடுவாள். மீதி நேரம் அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்று பேச்சு தானாக வந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் வைத்தாயா. வைத்தாச்சு. ஜாக்கியை மட்டும் நம்பாதே, அடியில் கட்டை கொடு. கொடுத்தாச்சு. நட்டுகள் பத்திரம். துப்பட்டாவில் முடிந்து வைத்திருக்கிறேன். சக்கரம் கழன்றது. பிரேக்கை மூடியிருக்கும் டிரம் கழலவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை.

விளிம்பில் எண்ணெய் விடச் சொன்னான். விட்டால் ஊற வேண்டும். ஊறும்வரை பேச வேண்டும். வண்டி எடுத்த முதல் நாளே ஒரு அட்டை முட்டையை உடைத்ததை இப்போதுதான் சொன்னாள். அன்று தெருவுக்கே ஆம்லெட்டாம். மகள் விசிலடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாளாம்.

பிறகு சுற்றிலும் சுத்தியலால் தட்டச் சொன்னான். நேராக அடிக்காதே, மரக்கட்டையை வைத்துத் தட்டு என்றான். தட்டினாள். வளையலை முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தாள். மணிக்கட்டில் ஒரு தீக்காயத் தழும்பு. அவன் பார்த்ததில்லை.

என்ன அது என்றான்.

“அது ஆறி ரொம்ப நாளாச்சு,” என்றாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

கீழ்ப்படுக்கைக்காரர் தலையை நீட்டினார். அவனோடு அதே கிடங்கில் பெட்டி அடுக்குகிறவர். விடுமுறை நாளில் கண் விழிப்பது பாவம் என்று நினைப்பவர்.

“எண்ணெய் விடு, தட்டு, இழுன்னு காலையிலேருந்து ஒரே சத்தம். போன்லயே பிரசவம் பாக்குறியாப்பா?”

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. சிரிக்கிற முகம் தெரியவில்லை. டிரம்தான் தெரிந்தது.

அதன்பிறகு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். தட்டும்போது ஓசை மாறுகிறதா என்று காதை வைத்துக் கேட்கச் சொன்னான். அவள் குனிந்தாள். காது வந்தது. வியர்வையில் ஒட்டிய முடி வந்தது. கன்னத்தில் ஒரு கரிக்கோடு வந்தது. மாறவில்லையே என்றாள். கொஞ்சம் தள்ளித் தட்டிக் கேள் என்றான். மறுபடி குனிந்தாள்.

உலகத்தில் எந்த மெக்கானிக்கும் டிரம்முக்குக் காது கொடுத்ததில்லை.

டிரம் ஏன் வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஹேண்ட்பிரேக். அது ஏற்றியிருந்தால் உள்ளே இருக்கும் பிரேக் ஷூ இரண்டும் விரிந்து டிரம்மை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். யானை கட்டி இழுத்தாலும் கழலாது. இருந்த இடத்தில் இம்மி திருப்பக்கூட முடியாது. கழற்றுகிறவன் முதலில் இறக்கவேண்டியது அதைத்தான். அவன் சொல்லவில்லை.

மறதி இல்லை. சொன்னால் டிரம் கழன்றுவிடும். கழன்றால் உள்ளே பார்ப்பாள், என்ன வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வாள், சரி வைக்கிறேன் என்பாள்.

அங்கே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுத்தியல் இப்போது ஓய்ந்து ஓய்ந்து விழுந்தது. உள்ளங்கையைத் துடைத்துவிட்டு ஊதிக்கொண்டாள். அவனுக்கு உறுத்தியது. கட்டினவளை வெயிலில் உட்காரவைத்துப் பொய்ப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறான். ஆசைக்கும் ஒரு அளவு உண்டு. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

“இங்க பாரு, ஒண்ணு சொல்லணும்.”

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மகள் ஏதோ கேட்டாள். மனைவி அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். இன்னும் முடியவில்லை, அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறேன், நேரமாகும் என்றாள்.

பேசிக்கொண்டிருக்கும்போது அவள் கை சும்மா டிரம்மின் மேல் போய்ப் படிந்தது. விரல் ஒன்று அதன் விளிம்பை விளையாட்டாகத் தள்ளியது.

டிரம் சுற்றியது.

தங்குதடையில்லாமல் ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஹேண்ட்பிரேக்கை இறக்கியிருக்கிறாள். அவன் வாய் திறப்பதற்கு முன்பே இறக்கிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள். நிஜமாக இழுத்திருந்தால் டிரம் எப்போதோ கையோடு வந்திருக்கும்.

மகளை அனுப்பிவிட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். என்னவோ சொல்ல வந்தீர்களே என்று கேட்டாள். கை சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டது.

இன்னும் ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம் என்றான்.

“எங்கேருந்து?”

“முதல்லேருந்து,” என்றான்.