மஞ்சளாகாத புள்ளி

செசீலியா குற்றவாளிதான். கம்பனியை அவள் நாலு மாதமாக ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்கொரு முன்கதை உண்டு. சுவிஸ் நாட்டில் பிள்ளை பிறந்தால் தாய்க்குப் பதினாலு கிழமை லீவு, தகப்பனுக்கு இரண்டு. பதினைந்தாம் கிழமை பிள்ளை தானே எழும்பிப் பாலைக் கரைத்துக் குடித்துவிடும் என்று தலைநகர் பேர்ணில் யாரோ பெரியவர்கள் முடிவு கட்டியிருக்க வேண்டும். தான் குடியிருந்த லாங்கன்தாலில் செசீலியா குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டாள். காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தோராவது பெயர் அவளுடையது. கலியாணம் எழுதிய அன்றே பதிந்திருக்க வேண்டுமாம்.

கணவன் யூட்டுக்கு பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. சூப்பை வீட்டிலிருந்து கிண்ட முடியாது. செசீலியா வேலை செய்த காப்புறுதிக் கம்பனிதான் பெருந்தன்மை காட்டியது. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், குடும்பத்தையும் பார்க்கலாம். ஒரேயொரு நிபந்தனை. கணினித் திரையில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி பச்சையாக இருக்க வேண்டும். மவுஸ் ஐந்து நிமிடம் அசையாவிட்டால் அது மஞ்சளாகிவிடும். மஞ்சள் கூடினால் வேலை போய்விடும். ஆக, மவுஸிலிருந்து கையை எடுக்காமல் எவ்வளவு குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

எட்டு மாத எலேனா ஏணையில் போட்டு ஆட்டினால்தான் உறங்குவாள். சீலிங்கில் கொக்கி அடித்து, சேலையைக் கட்டித் தொங்கவிட்ட ஏணை அது. ஏணையை ஆட்டினால் மவுஸ் சும்மா கிடக்கும், புள்ளி மஞ்சளாகும். மவுஸைப் பிடித்தால் எலேனா அழுது சிவப்பாகிவிடுவாள்.

செசீலியா யோசித்தாள். ஏணையிலிருந்து மவுஸுக்கு ஒரு நூல் கட்டினாள். மவுஸின் மறுபக்கத்தை ஒரு ரப்பர் பட்டியால் மேசையோடு இழுத்துக் கட்டினாள். ஏணை ஆட, மவுஸும் ஆடியது. பிள்ளையும் நிம்மதியாகத் தூங்கினாள், முகாமையாளரும் நிம்மதியாக இருந்தார். விட்ட வேலையைப் பிள்ளை தூங்கிய பிறகு செசீலியா முடித்துவிடுவாள். ஒரு கோப்பும் பிந்தியதில்லை. ஆனால் கோப்பைப் பற்றி யார் கேட்டார்கள்?

பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான். தலைமையகத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவு ஒரு விசித்திரத்தைக் கண்டுபிடித்தது. அவளுடைய மவுஸ் இடம், வலம், இடம், வலம் என்று மனிதக் கையால் முடியாத ஒழுங்கோடு அசைகிறது! ஏதோ சர்வதேசக் கும்பலின் ரோபோ என்று முடிவெடுத்தார்கள். பொலிசுக்குச் சொல்லலாமா என்று மூன்று கூட்டம் வைத்தார்கள். கடைசியில் விசாரிக்க ஆளை அனுப்பினார்கள்.

ஜனவரி மாதம், புதன்கிழமை காலை பத்து மணி. வாசலில் அந்தோனிதாஸ் நின்றார். கம்பனியில் அந்தப் பெயரைக் கேட்டால் பச்சைப் புள்ளியும் வெளிறும். ஆறு பேரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியவர். அவர்கள் ஏற்கனவே வீட்டில்தான் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

அவருடைய கண்கள் சிவந்திருந்தன. கறுப்புக் கோட்டில் இருந்த பனி உருகிவிட்டது. வலது தோளில் ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் உருகவில்லை. இந்த மனுசனிடம் பனியே உருகாது போலிருக்கிறது என்று செசீலியா பயந்தாள். ஏணையை அவள் அவசரமாக அலுமாரிக்குள் திணித்திருந்தாள். இடுப்பில் எலேனா வீடு இடியக் கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தோனிதாஸ் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்தான் தொடங்கினார். மேசை உயரம் பார்த்தார். கதிரையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சீலிங்கைப் பார்த்தார். தமிழ் வந்துவிட்டது.

“உந்தக் கொக்கி என்னத்துக்கு?”

“பூச்சாடி தொங்கவிட, அண்ணை.”

“பூச்சாடிதான் இப்பிடி அழுகுதோ? சுவிஸ்காரருக்குத்தான் அது ரோபோ, தங்கச்சி. நாங்கள் வீட்டில ஏழு பிள்ளையள், எல்லாரும் ஏணையில வளந்தனாங்கள். மவுஸ் அசைஞ்ச வரைபடத்தில அந்த ஆட்டத்தைப் பாத்த உடனையே எனக்கு விளங்கீற்றுது.”

செசீலியா எலேனாவை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். “அண்ணை, ஒரு கோப்பும் பிந்தேல்ல. நான் பிள்ளையைத்தான் ஆட்டினனான். இந்த வேலை போனால் இந்த வீடும் போயிடும்.”

“அதை நான் கேக்கேல்ல. ஏணையைக் கட்டுங்கோ. நூலையும் கட்டுங்கோ. நான் கண்ணால பாக்கோணும்.”

கட்டினாள். எலேனா இரண்டே நிமிடத்தில் அடங்கினாள். புள்ளி பச்சையாக மின்னியது. தன் குழியைத் தானே வெட்டுகிறோமே என்று செசீலியாவுக்கு அழுகை வந்தது.

அந்தோனிதாஸ் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். நூலின் நீளத்தை அளந்தார். கொக்கியின் உயரத்தை அளந்தார். முடிச்சை மூன்று பக்கமும் படம் எடுத்தார். ரப்பர் பட்டியை இழுத்து இழுத்துப் பார்த்து, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார்.

“உதெல்லாம் பொலிசுக்கோ, அண்ணை?”

“பொலிசுக்கேன்? மவுஸ் பழுது, மாத்தவேணும் எண்டு ரெயினிலயே அறிக்கை எழுதி அனுப்பீற்றன்.”

செசீலியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அப்ப உந்த அளவெல்லாம் ஆருக்கு?”

அவர் முடிச்சை அவிழ்த்து, தன் கையால் ஒருமுறை கட்டிப் பார்த்தார். குனிந்தபோது அவர் தோளில் இருந்து மணம் வந்தது. அந்த வெள்ளை பனியல்ல, புளித்த பால்.

“என்ர ரெண்டு கிழமை லீவு நேற்றோட முடிஞ்சுது, தங்கச்சி. பிறந்தது ரெட்டைப் பிள்ளையள். ரெண்டு ஏணைக்கும் ஒரு மவுஸ் போதுமோ?”