பதினாலாம் நம்பரில் வெந்தயக்கீரை

கடையில் வாங்கிய வெந்தயக்கீரையை வேரோடு சேற்றில் குத்தி நிறுத்திக்கொண்டிருந்தேன். மணி நாலு முப்பத்தைந்து.

ஐந்து மணிக்குத் தோட்டத்தைப் பார்வையிட தாமஸ் அங்கிள் வந்துவிடுவார்.

மழை விட்டபாடில்லை. மே பத்தாம் தேதி ஆகியும் இந்த எடிசன் ஊரில் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், அதற்கு மேல் ரெயின்கோட். இந்த வானத்துக்கு என்னதான் கேடோ. காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ வான்மதி, வான்மதி என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும், நான் மியூட்டில் இருந்தேன்.

இந்தப் பொதுத் தோட்டத்தில் ஆளுக்கு இருபதடிக்குப் பத்தடி இடம். சட்டம் ஒன்றே ஒன்றுதான். மே பத்து, மாலை ஐந்து மணிக்குள் பாதி இடத்திலாவது செடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெயிட்டிங் லிஸ்ட்டில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். குளிர், மழை என்று எந்தச் சாக்கும் எடுபடாது.

பதினாலாம் நம்பர் இடம் என் தோழி சாலிஹாவுடையது.

டிசம்பரில் தங்கை நிக்காஹ்வுக்கு என்று கீழக்கரை போனவள். விசா ஸ்டாம்பிங் தேதி தள்ளித் தள்ளிப் போய், இன்னும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அபார்ட்மெண்ட்டைக் காலி செய்தாயிற்று. காரை நான்தான் விற்றுக் கொடுத்தேன். அவளுடைய அட்டைப் பெட்டிகள் பதினொன்றும் என் ஹாலில்தான் கிடக்கின்றன. என் மகள் அவற்றின்மேல் ஏறிக் குதிக்கிறாள். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்பது சாலிஹாவுக்கே தெரியாது.

இந்த நாட்டில் அவள் பெயரில் மிச்சம் இருப்பது இந்த இருபதுக்குப் பத்து மட்டும்தான். பத்து நாளைக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் அதை அவளே சொல்லி அழுதாள். அதுவும் போய்விட்டால் அங்கே எனக்கு என்னடி இருக்கிறது, எதையாவது நட்டு வை என்றாள். நாளைக்கே போகிறேன் என்றேன்.

மறுநாள் மழை. அதற்கு மறுநாளும் மழை. இந்த மழையில் எவள் போவாள் என்று இருந்துவிட்டேன். நடுவில் ஒரு சனிக்கிழமை பளிச்சென்று வெயில் அடித்தது. அன்றைக்கு வீட்டில் ஒட்டடை அடித்தேன்.

இன்று மதியம் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன். பால்கனிக்குப் போய் என் ஐந்து வாளிச் செடிகளுக்கும் தண்ணீர் ஊற்றினேன். மழையில் அவை ஏற்கெனவே நனைந்து நின்றது அப்புறம்தான் உறைத்தது. மூன்று மணிக்குக் கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

விதை போட்டு இனி ஒன்றும் ஆகாது. இந்தியன் கடைக்குப் போய் வேரோடு இருந்த வெந்தயக்கீரைக் கட்டுகள் அத்தனையையும் வண்டியில் அள்ளிப் போட்டேன். புதினா எட்டுக் கட்டு. வீட்டுக் கூடையில் முளைவிட்டுக் கிடந்த சின்ன வெங்காயத்தையும் கையோடு எடுத்து வந்திருந்தேன். கவுண்ட்டரில் இருந்த ஆன்ட்டி வீட்டில் விசேஷமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

விரல்கள் மரத்துவிட்டன. கீரை ஒரு வரிசை, புதினா ஒரு வரிசை, நடுவே வெங்காயம். கட்டைப் பிரிப்பதும் குத்துவதுமாக, குனிந்த தலை நிமிரவில்லை.

என்ன மண் தெரியுமா அது. சாலிஹா வருஷக்கணக்காக முட்டை ஓடும் டீத்தூளும் போட்டுப் போட்டுக் கறுப்பாக்கிய மண். கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. அவசரத்தோடு அவசரமாக ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்த்தேன். எரிச்சலாக வந்தது. பொத்தென்று கீழே போட்டேன்.

ஐந்து மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது தாமஸ் அங்கிள் குடையும் கிளிப்போர்டுமாக வந்தார். சாந்தோம்காரர். ரிட்டயர் ஆனதிலிருந்து தோட்டக் கமிட்டியை அவர்தான் பார்க்கிறார். சட்டம் என்றால் சொந்தப் பெண்டாட்டிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார் என்று பெயர்.

எழுந்து நின்றேன். முழங்கால் வரை சேறு. எனக்குப் பின்னால் பாதித் தோட்டம் பச்சையாக நின்றது. ஏதோ மார்ச்சிலேயே நட்டு வளர்த்த மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

அவர் ஓரமாக நடந்தார். மூன்றாவது வரிசையில் நின்று குனிந்தார். அங்கே ஒரு கீரைக் கட்டை நான் பிரிக்கவே இல்லை. கடையில் போட்ட நீல ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அங்கிள் ரப்பர் பேண்டை மெதுவாக உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பதினாலாம் நம்பருக்கு நேராக டிக் அடித்தார். அப்புறம் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நாலு வருஷமா வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்கிற பொண்ணாச்சேன்னு காலையிலேயே டைப் பண்ணி வெச்சேன்மா. அஞ்சு மணி அடிச்சதும் அனுப்பிடலாம்னு இருந்தேன்.”

திரையில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. துடைத்துவிட்டுப் படித்தேன். அன்புள்ள வான்மதி, வாழ்த்துகள், பதினாலாம் நம்பர் இன்று முதல் உங்களுடையது என்று இருந்தது.

நான் லிஸ்ட்டில் இருப்பது சாலிஹாவுக்குத் தெரியாது. சொல்லவில்லை.

“டெலீட் பண்ணிடுங்க அங்கிள்.”

சொல்லிவிட்டேன். ஆனால் அவர் அதை அழித்து முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.