சைவச் சாப்பாடு ஒண்ணு

“சாப்பாட்டு ஐயா லைன்ல இருக்கார். உனக்குத்தான்” என்று சிரித்துக்கொண்டே அழைப்பை இவளிடம் தள்ளிவிட்டாள் பக்கத்து இருக்கைக்காரி. நான்கு நாளில் இது மூன்றாவது தடவை. விமானக் கம்பெனியின் அந்த அழைப்பு மையத்தில் முப்பது பேர் வேலை பார்த்தார்கள்; சாப்பாட்டு ஐயாவைத் தெரியாதவர் யாரும் இல்லை.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தைய இரண்டு தடவையும் இவள்தான் அவரிடம் மாட்டினாள். “பார்க்கறோம் சார், முயற்சி பண்றோம் சார்” என்று சமாளித்து அனுப்பியிருந்தாள்.

“வணக்கம்மா. என் பையனுக்குச் சைவச் சாப்பாடு ஒண்ணு சொல்லியிருந்தேன், முட்டைகூட இல்லாம. பதிவாயிடுச்சா?”

அவர் சொன்ன டிக்கெட் எண்ணைத் தட்டினாள். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இவளுக்கு அது மனப்பாடம். திரையில் முதல் நாள் பார்த்த அதே சிவப்பு எழுத்து: பயணம் ரத்து. ஒரு வாரத்துக்கு முன்பே, பயணியே ரத்து செய்திருக்கிறான்.

ரத்தான டிக்கெட்டில் சாப்பாடு பதிய முடியாது. ரத்தாகிவிட்டது என்று சொல்லவும் முடியாது. பயண விவரத்தைப் பயணியைத் தவிர யாருக்கும், பெற்ற தகப்பனுக்கே ஆனாலும், சொல்லக்கூடாது என்பது கம்பெனி சட்டம். போன வருஷம் ஒருத்தி, கணவன் எந்த ஊருக்குப் பறக்கிறான் என்று மனைவியிடம் வாய்தவறிச் சொல்லி வேலையை இழந்தாள். சட்டம் போட்டவர்கள் யாரும் ஒரு நாள்கூட இந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

“இன்னும் ஆகலை சார். எதுக்கும் உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்களேன்.”

“அவனுக்கு வேலை ஜாஸ்திம்மா. இங்க ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், என் வீட்டுக்காரியும் கேட்டுக்கிட்டிருக்கா. நாளைக்கு அவன் ஏறணும். இன்னிக்கு விட்டா நேரம் இல்லையே.”

“நகருங்க, நான் பேசறேன்” என்று ஒரு பெண் குரல், மூச்சு வாங்க உள்ளே புகுந்தது. “போன தடவை நீங்க மறந்துட்டீங்கம்மா. பதினாலு மணி நேரம் ஒரே ஒரு பன்னைக் கடிச்சுக்கிட்டு வந்தான் பிள்ளை.”

“மன்னிச்சுக்கோங்கம்மா.”

“அது போகட்டும். புது வேலைல சேர்ந்து மூணு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள லீவு கொடுத்திருக்காங்கன்னா எவ்வளவு தங்கமான ஆளுங்க பாருங்க. நாளன்னைக்குக் காலைல எனக்கு ஹார்ட் ஆபரேஷன். நான் கண் முழிக்கறதுக்குள்ள, மதியம் வந்து இறங்கிடுவான். ஏற்கெனவே ரெண்டு தடவை நாள் குறிச்சாங்க, நான் போகலை. பையன் வர்றது உறுதியானாத்தான் படுப்பேன்னு சொல்லிட்டேன்.”

“இனிமே தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்றார் அவர். அவ்வளவு நேரம் இருந்த கலகலப்பு அந்தக் குரலில் இல்லை.

“நாலு நாளா ஒரு சாப்பாடு பதிவாகலைன்னா, அவன் வர்றதே நிஜமான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. வரலைன்னா நான் படுக்கமாட்டேன், அவ்வளவுதான்” என்றாள் அந்த அம்மா.

இப்படியும் ஒரு பிள்ளையா? டிக்கெட்டை ரத்து செய்யத் தெரிந்தவனுக்கு, பெற்றவர்களுக்கு ஒரு போன் போடத் தெரியாதா?

“சார், எங்க வெப்சைட்ல அந்த எண்ணைப் போட்டீங்கன்னா நீங்களே எல்லாத்தையும் பார்த்துக்கலாம்” என்று கோடி காட்டிப் பார்த்தாள்.

“எனக்கு அதெல்லாம் வராதும்மா. நீங்க வாயால சொன்னா போதும்” என்றார் அவசரமாக.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலதிகாரி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பேச்சு நீள்கிறதாம். உண்மையைச் சொன்னால் வேலை போகும்; பதிவாகவில்லை என்றே இழுத்தால் அந்த அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். இவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

“பதிவாயிடுச்சு சார். முட்டை இல்லாத சைவம்.”

“பதிவாயிடுச்சாம்!”

“கேட்டுது, எனக்கென்ன காது செவிடா? பழம் ஏதாச்சும் வைப்பாங்களான்னு கேளுங்க.”

“வைப்போம்மா” என்றாள் இவள். ஒரு பொய் சொன்னபின் இரண்டாவது சுலபமாக வந்தது. அந்த அம்மா சிரிப்பது கேட்டது.

அவர் போனை வைக்கவில்லை. நாற்காலி நகர்ந்தது, செருப்புச் சத்தம், கதவு சாத்தும் ஓசை. பிறகு தெருவில் வண்டிகள் போகும் இரைச்சல்.

“சார், ஸ்பீக்கரை அணைச்சிட்டீங்களா?”

“வாசலுக்கே வந்துட்டேன்மா. சொல்லுங்க.”

வேலை போனால் போகட்டும் என்று துணிந்துவிட்டாள். “நான் சொன்னது பொய் சார். சாப்பாடும் இல்ல, பழமும் இல்ல. உங்க பையன் போன வாரமே டிக்கெட்டை ரத்து பண்ணிட்டார். பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னுகூட அவருக்கு...”

அவர் குறுக்கிட்டார்.

“அவனைத் திட்டாதீங்கம்மா. இப்பக் கிளம்பினா இந்த வேலையும் போயிடும்னு போன்ல அழுதான்” என்றார் அவர். “ரத்து பண்ணச் சொன்னதே நான்தான்.”