பெயர் சுரண்டிய இசைத்தட்டு

இசைத்தட்டில் பாடகி இரண்டாவது அடியைத் தொடங்குவதற்குள், கூட்டத்தில் ஒருத்தி அந்த அடியைப் பாடிவிட்டாள்.



அந்தப் பாட்டு யாருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை. கப்பலில் வேலை பார்க்கும் ஒருவனிடமிருந்து என் தம்பி அரிஸ்டிதெஸ் வாங்கி வந்த பழைய சல்சா இசைத்தட்டு அது. வந்த அன்றே, நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டேன். பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் வெளியே தெரிந்தால் மற்றவர்களும் தேடிப் பிடித்துவிடுவார்கள். எங்கள் பர்ரங்கீயா ஊரில் பிக்கோ என்ற தெருப் பாட்டுப்பெட்டி வைத்திருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஆனால் என் அளவுக்குச் சுத்தமாகச் சுரண்ட ஒருவராலும் முடியாது. நாமாவது ஒருமுறை படித்திருக்கலாமே என்று தோன்றியபோது ஓர் எழுத்துகூட மிஞ்சியிருக்கவில்லை.

எங்கள் பிக்கோவின் பெயர் சண்டைச்சேவல். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஸ்பீக்கர் பெட்டி. முகப்பில் நானே வரைந்த சேவல். தெருவுக்கு எதிர்ப்புறம் தாகோபெர்தோவின் பெட்டி, பெயர் சுறா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து இரண்டும் மாறி மாறி முழங்கிக்கொண்டிருந்தன. வேறு யாரிடமும் இல்லாத பாட்டை வைத்திருக்கிற பெட்டிதான் ஜெயிக்கும். ஜெயிக்கிற பெட்டியைத்தான் கார்னிவல் திருவிழாவுக்கு அழைப்பார்கள்.

இந்தத் தட்டு சுறாவிடமும் இருந்தால் என் கதை முடிந்தது.

தம்பியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினேன். பாடியவள், பக்கத்து வீட்டு விருந்துக்கு மரகைபோ ஊரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள். அறுபதைத் தாண்டியிருப்பாள். கையில் பீர். கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள்.

அவளைப் பெட்டிக்குப் பின்னால் இழுத்து வந்தேன்.

"தாகோ அனுப்புனானா உங்கள? இந்தப் பாட்டு எப்படித் தெரியும்?"

"கொஞ்சம் பொறுடி. இப்ப ஒரு சிரிப்பு வரும்."

தட்டில் பாடகி களுக்கென்று சிரித்தாள். என் பக்கத்திலும் அதே சிரிப்பு, கொஞ்சம் கரகரப்பாக.

"ட்ரம்பெட் ஊதுறவன் என்னைப் பாத்துக் கண்ணடிச்சான். திரும்பப் பதிவு பண்ண அவங்ககிட்ட வசதி இல்ல. அப்படியே விட்டுட்டாங்க."

அவள் வாழ்நாளில் பதிவு செய்த ஒரே பாட்டாம். கம்பெனி அந்த வருடமே மூடிவிட்டது. அவளிடம் ஒரு தட்டுகூட இல்லை. பாட்டி பாடகி என்றால் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்களாம்.

பாட்டு முடிந்தது.

"அதக் குடேன். என் பேரப் பாத்துக்கறேன்."

கொடுத்தேன். வேறென்ன செய்வது? மொட்டையாகக் கிடந்த நடுவட்டத்தை அவள் விரலால் தடவினாள். மன்னிப்புக் கேட்பது என் பரம்பரையிலேயே கிடையாது. கேட்டேன்.

தன் பெயரை என் காதில் சொன்னாள். உங்களிடம் அதைச் சொல்வதாக இல்லை.

அடுத்து சுறாவின் முறை. ஆனால் கூட்டம் விடவில்லை. "இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று காலால் தரையை உதைத்தது. அவள் தலையைத் திருப்பி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

தாகோபெர்தோ தெருவைத் தாண்டி வந்தான். என்னிடம் கேட்டால் பதில் வராது என்று அவனுக்குத் தெரியும். நேராக அவளிடம் போனான்.

"அம்மா, நீங்க கூடவே பாடுனீங்களே, நான் பாத்தேன். யார் பாடுனது? பேர மட்டும் சொல்லுங்க. தெரு முழுக்க மைக்குல சொல்லிடறேன்."

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இத்தனை வருடம் கழித்து அவள் பெயர் இரண்டு தெருவுக்குக் கேட்கும். வருகிற வாரமே சுறாவும் இந்தப் பாட்டைப் போடும். சுரண்டிய கையை வைத்துக்கொண்டு, சொல்லாதீர்கள் என்று கெஞ்ச எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

அவள் தட்டைத் தன் பாவாடையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"யாருக்குத் தெரியும், தம்பி? ஆனா இத்தன பேர ஆட வச்சிட்டா பாரு, கெட்டிக்காரி. நீ போடுடி, இன்னொரு தடவ."